சின்னவள் பார்த்தது

சின்னவள் முதல் நாளே ஆந்தையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

குவாரிக்குள் இறங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பெரியவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கையில் எண்ணும் கருவி, கழுத்தில் பைனாகுலர், தோளில் குறிப்பேடும் தண்ணீர் பாட்டிலும் வைத்த துணிப்பை. பின்னால் வந்த சின்னவளின் வாய் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஓயவில்லை. மெஷின் பெல்ட் அறுந்த கதை, அளவு கொடுத்துவிட்டுப் போய் ஒரு சுற்றுப் பெருத்து வந்து தையலைக் குறை சொன்ன டீச்சரின் கதை என்று ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. அந்தப் பேச்சு சட்டென்று நின்றபோது, நல்லதாகப் போயிற்று என்றுதான் பெரியவள் நினைத்தாள்.

"அக்கா, அந்தப் பாறை இடுக்குல பாருங்க. பூனை எப்படி அவ்வளவு மேல ஏறுச்சு?"

கிழக்குச் சுவரில் நாற்பதடி உயரத்தில் வெடி வைத்துப் பிளந்த ஒரு பொந்து. அதற்குள் இரண்டு ஆரஞ்சுக் கண்கள். தலையில் கொம்பு மாதிரி இரண்டு இறகுக் குடுமிகள். பெரியவள் பைனாகுலரை உயர்த்தினாள். இந்த ஆந்தை இங்கேதான் இருக்கிறது என்று பதினொரு வருடமாக அவளுக்குத் தெரியும். சுவரடியில் உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கியிருக்கிறாள். அது கக்கிப்போட்ட எலும்பும் மயிருமான உருண்டைகளைக் குச்சியால் பிரித்து, எலி எத்தனை தவளை எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறாள். எங்கே குடியிருக்கிறது என்பது மட்டும் பிடிபட்டதே இல்லை.

"பூனை இல்ல. கொம்பன் ஆந்தை."

"அட! பக்கத்துல ரெண்டு குட்டி வேற, பஞ்சு மாதிரி."

"குஞ்சு" என்றாள் பெரியவள். திருத்துவதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். பெரியவள் மாடியில், சின்னவள் கீழே. பெரியவள் ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் கணவர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருக்கிறார். சின்னவளின் கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில். கீழே தெருவைப் பார்த்த முன்னறையை சின்னவள் தையல் கடையாக்கி வைத்திருந்தாள். மாடிக்கு வருகிற யாரும் அந்த அறையைத் தாண்டித்தான் வர வேண்டும். வருகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். தபால்காரர் நிற்பார். பெரியவளின் சொந்தத் தங்கை அவளைப் பார்க்க வந்து, கீழேயே ஒரு மணி நேரம் சிரித்துவிட்டு, மேலே வந்து "நேரமாயிடுச்சு, கிளம்பறேன்" என்பாள். காலேஜ் விட்டு வரும் பெரியவளின் மகள் சித்தியின் கட்டிங் மேசைமேல் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து அன்றைய கதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் படியேறுவாள். மேலே வரும்போது அவளிடம் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. "என்னடி இன்னிக்கு?" என்றால் "ஒண்ணுமில்லம்மா" என்பாள்.

இதையெல்லாம் பெரியவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஏனென்றால் அவளுக்குக் குவாரி இருந்தது.

ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கல் எடுப்பதை நிறுத்திப் பதினாறு வருடம். நடுவில் வெட்டிய பள்ளத்தில் பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கும். ஒரு பக்கம் துருப்பிடித்த கல் நொறுக்கும் இயந்திரம், அதன் சக்கரங்களுக்குள் கொடி ஏறியிருக்கும். லாரிகள் போய்வந்த பாதையில் ஜல்லிக்கு இடையே முள்செடிகளும் புல்லும் முளைத்து, கோடை வெயில் ஏறும்போது அந்தப் பாதை முழுக்க வண்ணத்துப்பூச்சிகள் எழும்பும். ஒரு ரத்தப் பரிசோதனை முகாமுக்காக அந்தப் பக்கம் வந்தவள், மதியச் சாப்பாட்டுக்கு நிழல் தேடி உள்ளே நடந்து, ஈரச் சேற்றில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்த மஞ்சள் பூச்சிகளைக் காலால் கிளப்பிவிட்டு அப்படியே நின்றுபோனாள். அன்று பிடித்தது. கல்லூரி விலங்கியல் பேராசிரியர் ஒருவர் நடத்தும் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புக் குழுவில் சேர்ந்தாள். கோடை மாதங்களில் ஞாயிறுதோறும் எட்டிலிருந்து ஒன்பதரை வரை, ஒரே பாதை, ஒரே வேகம், இரண்டு பக்கமும் ஐந்து அடிக்குள் தெரிவதை மட்டும் எண்ண வேண்டும். அறுபத்து மூன்று வகை பார்த்துவிட்டாள். லேபில் வெள்ளை அணுக்களை எண்ணப் பயன்படுத்திய பழைய கருவிதான் இங்கும். நான்கு வருடத்துக்கு முன்பு லேபுக்குப் புது மெஷின் வந்தது. குழாயை உள்ளே வைத்தால் அதுவே எண்ணிச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு மதிப்பிருந்த ஒரே இடம் குவாரிதான்.

சின்னவளுக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்தவளே பெரியவள்தான். நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "ஞாயித்துக்கிழமை உன்கூடக் கூட்டிட்டுப் போயேன்" என்றார் பெரியவளின் கணவர், சாவகாசமாகப் பேப்பரை மடித்துக்கொண்டே. மறுப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆந்தை பார்த்த அன்று மதியம் எல்லோரும் கீழேதான் சாப்பிட்டார்கள். சின்னவள் கதை சொன்னாள். கையில் சோறு காயக் காய, கண்ணை உருட்டி, கழுத்தை முழுச் சுற்றும் திருப்பப் பார்த்து, ஆந்தையாகவே ஆகிவிட்டாள். மகள் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். கணவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். பதினொரு வருடமாக பெரியவள் வாயெடுத்தால் "ம்" என்று டிவி பக்கம் திரும்புகிற மனிதர்.

"இவ்வளவு இருக்கா அங்க? நீ இதெல்லாம் சொன்னதே இல்லையே" என்றார் அவளிடம்.

"சொல்லியிருக்கேன்."

"இப்படிச் சொல்லலையே."

பெரியவள் எழுந்து போய்க் கை கழுவினாள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கை சுத்தமான பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் சின்னவளின் செல்வாக்கு வளர்ந்தது. குவாரிக்கு ஒரு காவல்காரர் உண்டு, பச்சைத் தண்ணீரில் யாரும் குளிக்க இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள. பதினொரு வருடமாக அவர் பெரியவளைப் பார்த்து லேசாகத் தடியை உயர்த்துவார், அவ்வளவுதான். இரண்டாவது வாரமே சின்னவளுக்குத் தன் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார். மூன்றாவது வாரம், உடும்பு வெயில் காயும் பாறையையும் மீன்கொத்தி வங்கு தோண்டியிருக்கும் மண்சரிவையும் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"உங்க தங்கச்சிங்களா?" என்று பெரியவளிடம் கேட்டார்.

"ஓர்ப்படி."

"நல்லாப் பழகுறாங்க" என்றார். இன்னொருத்தரைப் பற்றிச் சொல்லாமல் விட்டதும் அந்த வாக்கியத்திலேயே இருந்தது.

சின்னவளுக்கு ஒரு பெயரும் தெரியாது. ஆனால் துணி பார்க்கிற கண். தூரத்தில் பறக்கிற ஒன்றைப் பார்த்து, "அது போன வாரம் பாத்தது இல்லக்கா. அதுக்கு ஓரத்துல ரெண்டு வரிசை பொத்தான், இதுக்கு ஒரு வரிசைதான்" என்பாள். பைனாகுலரில் பார்த்தால் சரியாக இருக்கும். வெந்தய வரியன் என்ற பூச்சிக்கு அவள் வைத்த பெயர் 'பைப்பிங் வச்சது'. சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட தாவி வகைப் பூச்சியொன்று 'ஸ்கூல் பையன்'. மேலே மங்கலாகவும் உள்ளே பளிச்சென்று நீலமாகவும் இருக்கும் ஒன்று 'லைனிங் நல்ல துணி'. குழுவின் வாட்ஸ்அப்பில் அவளைச் சேர்த்துவிட்டது பெரியவள்தான். சின்னவள் கேட்டாள், மறுக்க முடியவில்லை. ஒரே மாதத்தில் குழுவில் எல்லோரும் அந்தப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். 'இன்னிக்கு எங்க பக்கம் நாலு ஸ்கூல் பையன்' என்று ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருத்தர் எழுதினார். பேராசிரியர் சிரிக்கும் பொம்மை போட்டார். பெரியவள் வாராவாரம் ஒழுங்காக அனுப்பிய அட்டவணைக்கு அவர் கட்டை விரல் மட்டுமே போட்டிருக்கிறார்.

இது அற்பம் என்று பெரியவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் விட முடியவில்லை. நடக்கும்போது சின்னவளின் தோளில் வந்து பூச்சி உட்கார்ந்தால்கூட, வேர்வை உப்புக்குத்தான் உட்காருகிறது என்று தெரிந்தும், தன் தோளை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

பெரியவள் பார்க்காத ஒன்று உண்டு. வெள்ளிவரியன். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இறக்கையின் அடிப்பக்கம் மங்கிய மஞ்சளில் கறுப்பு வரிகள் ஓடும். ஒவ்வொரு வரிக்கும் நடுவே இழை மாதிரி வெள்ளி. பின்னிறக்கையில் நூல் போல வால்கள், அவற்றின் அடியில் ஆரஞ்சுத் திட்டில் கண் போலக் கறுப்புப் புள்ளிகள். அதன் புழு எறும்புகளோடு சேர்ந்து இலந்தைச் செடியில் வளரும் என்று படித்து, குவாரியின் மேற்குச் சரிவில் இருக்கும் ஏழு இலந்தைச் செடிகளையும் வருடா வருடம் இலை இலையாகப் புரட்டியிருக்கிறாள். எறும்பு இருக்கும். அது இருக்காது. இதை அவள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. வேண்டுதல் மாதிரி மனசுக்குள் வைத்திருந்தாள். அறுபத்து நாலாவது அதுதான், அது தனக்குத்தான் என்று ஒரு நிச்சயம்.

அந்த ஞாயிறு லேபில் கூட வேலை செய்கிறவளுக்குக் காய்ச்சல். பெரியவள் டியூட்டிக்குப் போக வேண்டியதாயிற்று. "நான் தனியாப் போய் எண்ணிட்டு வரேன்க்கா, எழுதிக்கறேன்" என்றாள் சின்னவள். பெரியவள் மதியம் திரும்பியபோது, படிக்கட்டின் அடியிலேயே காத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வெயில் சிவப்பு. கையில் அளவு எழுதும் தாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பூச்சி வரைந்திருந்தாள், உள்ளங்கை அகலத்துக்கு. வண்ணம் தீட்டத் தெரியாததால், பெட்டியிலிருந்து நூல்களை எடுத்து, எந்த இடத்தில் என்ன நிறமோ அங்கங்கே குண்டூசியால் குத்தியிருந்தாள். வெளிர் மஞ்சள், கறுப்பு, கீழே ஆரஞ்சு. கறுப்புக்கு நடுவில் சரிகை இழை.

"போன்ல எடுக்கலாம்னு பாத்தா சார்ஜ் போயிடுச்சு. ஆனா நல்லாப் பாத்தேன்க்கா, இவ்வளவு கிட்டத்துல. கறுப்புக் கோட்டுக்குள்ளயே வெள்ளி ஓடுது, யாரோ கையால சரிகை வச்சுத் தச்ச மாதிரி. உக்காந்ததும் அப்படியே தலைகீழாத் திரும்பிக்குது. அப்புறம் வாலை ஆட்டுது. பின்னாடியும் ஒரு மூஞ்சி இருக்கற மாதிரி இருக்கு, எந்தப் பக்கம் தலைன்னே தெரியல. இது பேரு என்னக்கா?"

பெரியவள் தாளை வாங்கிப் பார்த்தாள். வரிகளின் எண்ணிக்கை சரி. வால் சரி. புள்ளி சரி. உட்கார்ந்ததும் திரும்பிக்கொள்ளும் என்பது பார்த்தவளுக்கு மட்டுமே தெரியக்கூடியது.

"தெரியல. புத்தகத்தைப் பாத்துச் சொல்றேன்" என்று படியேறினாள்.

மாலை பேராசிரியர் போன் செய்தார். "மேடம், உங்க வீட்டுத் தையல் மேடம் ஒண்ணு வரைஞ்சு அனுப்பியிருக்காங்க, பாத்தீங்களா? வெள்ளிவரியன் மாதிரி தெரியுது. அப்படின்னா இந்தப் பக்கத்துக்கே புதுசு. போட்டோ இல்லாததுதான் யோசனை. அந்த இடம் உங்களுக்குத்தான் அத்துப்படி. நீங்க சொன்னா ஏத்திடறேன்."

மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். கீழே மெஷின் ஓடுகிற சத்தம், நடுநடுவே சின்னவள் ஏதோ பாட்டை முனகுகிற சத்தம்.

"போட்டோ இல்லாம எப்படி சார் ஏத்துக்கறது?" என்றாள். "அவ வர ஆரம்பிச்சே ரெண்டு மாசம்தான் ஆகுது. ஆர்வத்துல ரெண்டு மூணு வகையைச் சேத்து ஒண்ணா நினைச்சிருக்கலாம்."

"அப்ப சந்தேகம்னு போட்டுடவா?"

"போட்டுடுங்க சார்."

அவள் சொன்னதில் எந்த வார்த்தையும் தப்பில்லை. யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். போனை வைத்த பிறகு அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சுத்தமான வார்த்தைகளை வைத்து இப்படி ஒரு காரியம் செய்ய முடிகிறதே. அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினாள்.

சின்னவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும்போது, "சார் சொன்னாரு. நீங்க சந்தேகம்னு சொன்னீங்களாம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. நான் என்னத்தைக் கண்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு இழை பிரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஞாயிறு குவாரியில் அவள் பேசவே இல்லை. பெரியவளுக்கு ஓரடி பின்னால், பெரியவள் பார்க்கிற பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தரம் கையை நீட்டி, "அக்கா, அது..." என்று ஆரம்பித்துவிட்டு, "இல்ல, ஒண்ணுமில்ல" என்று இறக்கிக்கொண்டாள். பெரியவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அங்கே எதுவும் இல்லை. ஆந்தைக் குஞ்சுகள் பொந்தை விட்டு வெளியே வந்து பாறை விளிம்பில் நின்றன. சின்னவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அவள் கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். மகள்தான் கூடப் போயிருந்தாள். பெரியவளுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

"கண்ணுக்கு என்ன?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணும் இல்லையாம். அந்தக் கடைசி வரி பொடி எழுத்தைக்கூடப் படிச்சேன். டாக்டரே அசந்துட்டாரு." சின்னவள் கத்திரியால் நூலை வெட்டினாள். "அப்ப கோளாறு கண்ணுல இல்ல, வேற எங்கயோ. இல்லாததை எல்லாம் இருக்கற மாதிரி பாக்குது. நல்லவேளை நீங்க அன்னிக்கே சொன்னீங்க. இல்லன்னா நான் பாட்டுக்கு அளந்துவிட்டுக்கிட்டே இருந்திருப்பேன், எல்லாரும் சிரிச்சிருப்பாங்க."

பெரியவள் மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்று எழுந்து நாலு படி இறங்கினாள். கீழே கணவரும் மகளும் சின்னவளும் எதற்கோ சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. மறுபடி ஏறிவிட்டாள்.

பிறகு பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருக்கும் சமயம் வந்தது. முன்னறை முழுக்கச் சீருடைத் துணி. சின்னவள் நடைக்கு வருவதை நிறுத்தினாள். "நீங்க போயிட்டு வாங்கக்கா, எனக்கு இங்க மூச்சு விட நேரமில்ல" என்றாள். "நானும் போகல, வெயில் அதிகமா இருக்கு" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு, லேபுக்குப் போகிறேன் என்று குவாரிக்குப் போனாள். ஒரு செவ்வாய்க்கிழமை டியூட்டிக்கு முன்னால் போனாள். வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுப் போனாள். பாதையில் நடக்கவில்லை, எண்ணவும் இல்லை. நேராக மேற்குச் சரிவு, ஏழு இலந்தைச் செடிகள். அது அங்கே இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. இருக்கிறது, தானும் பார்த்துவிட்டோம் என்றால் அதைவிட நிம்மதியாக இருக்கும் என்றும் தோன்றியது. எது வேண்டும் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. முள் கிழித்த கையை லேபில் பஞ்சு வைத்துத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை, ஒரு ஞாயிறு, ஒன்பது மணி வாக்கில் அது வந்தது.

ஐந்தாவது செடியின் காய்ந்த குச்சி நுனியில் ஏதோ ஒன்று வேகமாக வந்து விழுந்த மாதிரி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அரை வட்டம் திரும்பித் தலைகீழானது. பெரியவள் முழங்காலிட்டிருந்தாள். ஒரு முழ தூரம்கூட இல்லை. மஞ்சளில் கறுப்பு, கறுப்புக்குள் வெள்ளி, வெயில் பட்டபோது அந்த வெள்ளி நிஜமாகவே மின்னியது. புத்தகத்தில் இருந்த படம் எதுவும் அதைச் சொல்லவில்லை. சின்னவளின் தாளில் குண்டூசியில் குத்தியிருந்த சரிகை இழைதான் சொல்லியிருந்தது. பின்னிறக்கைகள் மெல்ல உரசிக்கொள்ள, வால் நூல்கள் மீசை மாதிரி ஆடின. எந்தப் பக்கம் தலை என்று தெரியவில்லை.

"இங்க பாரு, இங்க பாரு" என்று கிசுகிசுத்தபடி பெரியவள் கையைப் பின்னால் நீட்டினாள்.

யாரும் இல்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பதினொரு வருடம் இந்தப் பாதையில் தனியாகத்தான் நடந்திருக்கிறாள். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பதினான்கு படம் எடுத்தாள். பூச்சி போன பிறகும் அந்தக் குச்சியைப் பார்த்தபடி இருந்தாள். அறுபத்து நாலு என்று எழுதக் குறிப்பேட்டைத் திறந்து, மூடினாள். பிறகு கல் நொறுக்கும் இயந்திரத்தின் நிழலில் உட்கார்ந்து பேராசிரியருக்கு எழுதினாள்: 'சார், வெள்ளிவரியன் பதிவு சரியானதே. முதலில் பார்த்தது என் ஓர்ப்படி. அன்றைய தேதியில் அவள் பெயரிலேயே ஏற்றுங்கள். நான் சொன்னது தவறு.' கூடவே நாலு படம் அனுப்பினாள். பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. 'அருமை! தவறெல்லாம் சகஜம் மேடம், கவனமாக இருந்ததால்தானே சந்தேகப்பட்டீர்கள். இன்று மாலை குழுவில் போடுகிறேன்.' சிரிக்கும் பொம்மை.

இவ்வளவுதானா என்று இருந்தது. தவறு என்ற வார்த்தைக்குள் எல்லாம் கச்சிதமாக மடங்கிவிட்டது. மாலைக்குள் சின்னவளுக்கும் செய்தி போய்விடும். அவளும் சந்தோஷப்பட்டு, "உங்களாலதான்க்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த முக்கால் மணி நேரமும், அது எவ்வளவு சுலபம் என்றுதான் பெரியவள் நினைத்துக்கொண்டு வந்தாள்.

முன்னறையில் நீலத் துணி இடுப்பளவு குவிந்திருந்தது. சின்னவள் தரையில் உட்கார்ந்து பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். கணவரும் மகளும் வெளியே போயிருந்தார்கள் போல, வீடு அமைதியாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமைகூட லேபா? உங்களைப் பிழிஞ்சு எடுக்கறாங்க" என்றவளின் பார்வை பெரியவளின் காலுக்கு இறங்கியது. "ஐயோ, பேன்ட்டு மடிப்பெல்லாம் என்ன இது, நாயுருவி விதை! அப்படியே துவைச்சீங்கன்னா துணியைப் பிச்சிடும். உக்காருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பெரியவள் உட்கார்ந்ததும், அவள் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நூல் பிடுங்கும் சின்ன இடுக்கியால் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீலத் துணியின்மேல் வைக்க ஆரம்பித்தாள். பெரியவள் காலை இழுக்கப் பார்த்தாள். "இருங்கக்கா" என்று அதட்டினாள் சின்னவள். ஏழெட்டு விதை எடுத்த பிறகு, வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இது மேற்குச் சரிவுல இருக்கறதுதானே?"

"ஆமா."

"ம்" என்றாள். இன்னொரு விதை எடுத்தாள். "எனக்கு வேலை இருக்குன்னுதான் சொல்லாமப் போனீங்களா?"

"நீ பாத்தது அங்க இருக்கு" என்றாள் பெரியவள். "இன்னிக்கு நானும் பாத்தேன். சாருக்கு எழுதிட்டேன், உன் பேருலதான் ஏத்தறாரு."

சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்த முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறுவதைப் பெரியவள் பார்த்தாள். "நிஜமாவா? அந்தச் சரிகை வச்சதா? அப்ப நான் பாத்தது... என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

இங்கேயே நிறுத்திவிடலாம். அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறாள், அவ்வளவுதான்.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் பெரியவள். குரல் லேபில் ரிப்போர்ட் படிக்கிற குரல் மாதிரி வறண்டு வந்தது. "நீ படத்தைக் கையில கொடுத்ததுமே தெரிஞ்சுது. அது என்னன்னு தெரிஞ்சேதான் சந்தேகம்னு சொன்னேன்."

சின்னவளின் முகத்தில் ஏறிய வெளிச்சம் இறங்கவும் இல்லை, அங்கேயே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். இடுக்கி பிடித்த கை மடிப்பின் ஓரத்திலேயே நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. நீலத் துணியின்மேல் விதைகள் தானாகவே ஒரு கோணல் வரிசையில் கிடந்தன. மடிப்பில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. பெரியவளின் கால் அவள் மடியிலேயே இருந்தது, செம்மண் படிந்த குதிகாலோடு. அதை எடுத்துக்கொள்ளவும் முடியாமல், அதன் முழுப் பாரத்தையும் அங்கே வைக்கவும் முடியாமல், தொடை நடுங்க நடுங்க அவள் அதை ஓர் இழை உயரத்துக்குத் தூக்கியே பிடித்துக்கொண்டிருந்தாள்.